உயிர் காலேஜ்: அம்பத்தூர் ரயிலும் சென்னையின் குரங்குக் கூண்டுகளும்

உயிர் காலேஜ் என்பது சென்னை உயிர்க்காட்சிச் சாலைக்குப் பொதுமக்கள் இட்டு வழங்கிய பெயர். 1855ஆம் ஆண்டு எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய இது, 1860களின் தொடக்கத்தில் இன்றைய சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. 1985 முதல் வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா என்ற பெயரில் இயங்குகிறது. இதன் வரலாறு பெரும்பாலும் புலி, சிங்கம், யானை ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. ஆனால் பார்வையாளர் அதிக நேரம் நின்ற இடம் குரங்குக் கூண்டுதான். புலியை மக்கள் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். குரங்கு அவர்களைத் திரும்பிப் பார்த்தது. அந்தச் சந்திப்பு 3 இடங்களில் எப்படி மாறியது என்பதையும், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி மக்களுக்கு அந்த மாற்றம் எதைத் தந்தது, எதை எடுத்துக்கொண்டது என்பதையும் இக்கட்டுரை கூறுகிறது.

பெயர் வந்த வழி

சென்னை அரசு அருங்காட்சியகம் 1851இல் தொடங்கப்பட்டபோது அதற்கெனத் தனிக் கட்டடம் இல்லை. நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியின் மாடியில்தான் அது இருந்தது. அந்தக் கல்லூரி கிழக்கிந்தியக் கம்பெனி அலுவலர்களுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பிக்க ஏற்பட்டது. கல்லூரியில் இருந்ததால் அருங்காட்சியகமும் மக்கள் வாயில் ‘காலேஜ்’ ஆயிற்று என்பர். பின்னர் எழும்பூர் பாந்தியன் சாலைக்கு மாறிய பிறகும் பெயர் விடவில்லை. பாடம் செய்த விலங்குகள் உள்ள இடம் ‘செத்த காலேஜ்’. உயிருள்ளவை இருக்கும் இடம் ‘உயிர் காலேஜ்’.

இந்தப் பெயரைக் கேலியாக எண்ண வேண்டியதில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பல்லாயிரம் பேர் நுழைந்து ஏதோ ஒன்றைக் கற்றுக்கொண்டு வெளியே வந்த இடம் அது. பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

பால்ஃபர் கண்ட கணக்கு

அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு கிரீன் பால்ஃபர். தொழிலால் அறுவை மருத்துவர். பாரசீகமும் இந்துஸ்தானியும் அறிந்தவர். பிற்காலத்தில் இந்தியாவைப் பற்றிய பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவர். உயிருள்ள சில விலங்குகள் வளாகத்துக்கு வந்து சேர்ந்ததும் பார்வையாளர் கூட்டம் கூடியதைக் கவனித்தார். கல்லும் காசும் எலும்பும் இழுக்காத கூட்டத்தை உயிர் இழுத்தது. உடனே அதை வளர்க்கத் தொடங்கினார். ஆற்காட்டு நவாபிடம் இருந்த விலங்குகளை அருங்காட்சியகத்துக்குக் கொடையாகப் பெற்றார். அடுத்த ஓராண்டில் பாலூட்டிகளும் பறவைகளும் ஊர்வனவுமாக 300க்கு மேற்பட்ட உயிர்கள் அங்கே இருந்தன.

அரசர்கள் விலங்கு வளர்ப்பது புதிதன்று. ஆனால் அரசர் வளர்த்த விலங்கை அரசரும் விருந்தினரும் மட்டுமே பார்த்தார்கள். நவாபின் தோட்டத்திலிருந்து பாந்தியனுக்கு வந்த விலங்குகளைத் தெருவில் போகிறவரும் பார்க்க முடிந்தது. சென்னையைப் பொறுத்தவரை இது சிறிய மாற்றமில்லை.

அருங்காட்சியகத் தோட்டம் விரைவில் போதாமல் போயிற்று. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெலியன் நகர மக்களுக்கென ஒரு பெரிய பூங்காவைத் திட்டமிட்டார். அதுவே 116 ஏக்கரில் அமைந்த பீப்பிள்ஸ் பார்க். குளங்கள், நடைபாதைகள், வாத்திய மேடை எனத் திட்டமிடப்பட்ட அந்த இடத்துக்கு விலங்குகள் மாற்றப்பட்டன. பொறுப்பு நகராட்சியிடம் சென்றது. அப்போது சென்ட்ரல் ரயில் நிலையமே கிடையாது. அது 1873இல் வந்தது. பிறகு விக்டோரியா பொது மண்டபம், மூர் மார்க்கெட், ரிப்பன் மாளிகை, விளையாட்டரங்கம் என்று ஒவ்வொன்றாக வந்து பூங்காவைக் கடித்துக் கடித்து எடுத்துக்கொண்டன. மிஞ்சிய துண்டில் மிருகக்காட்சிச் சாலை இருந்தது.

ரயிலை விட்டு இறங்கினால் குரங்கு

1856இல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுத் திசையில் போடப்பட்ட இருப்புப்பாதை அம்பத்தூர் வழியாகச் சென்றது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடிய பாதை அதுதான். அம்பத்தூர் அன்று ஏரியும் வயலும் உள்ள கிராமம். விடுதலைக்குப் பிறகு அதன் முகம் மாறியது. டி.ஐ. சைக்கிள் ஆலை, டன்லப் டயர் ஆலை, 1960களில் உருவான தொழிற்பேட்டை ஆகியவற்றைச் சுற்றிக் குடியிருப்புகள் பெருகின. மூன்று ஷிப்டுகளில் வேலை செய்த தொழிலாளர் குடும்பங்களுக்கு வார விடுமுறையில் கைக்கெட்டிய பொழுதுபோக்குகள் சிலவே: கொட்டகையில் சினிமா, கடற்கரை, உயிர் காலேஜ்.

இவற்றுள் உயிர் காலேஜுக்கு ஒரு தனி வசதி இருந்தது. அம்பத்தூரில் ஏறினால் கொரட்டூர், வில்லிவாக்கம், பெரம்பூர், பேசின் பிரிட்ஜ் கடந்து சென்ட்ரல். இறங்கி நடந்தால் மூர் மார்க்கெட். அதன் பக்கத்திலேயே மிருகக்காட்சிச் சாலை. வேறு பேருந்து பிடிக்க வேண்டாம். பழைய புத்தகம் வாங்க வந்தவரும், ரிப்பன் மாளிகையில் ஏதோ சான்றிதழுக்கு வந்தவரும், ஊருக்குப் போகும் ரயிலுக்கு 3 மணி நேரம் முன்னதாக வந்துவிட்டவரும் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே ஒரு சுற்று சுற்றிவிட்டு வர முடிந்தது. விலங்கைப் பார்ப்பதற்கென்று ஒரு நாளை ஒதுக்க வேண்டியிருக்கவில்லை. திரும்பும்போது பையில் புத்தகமும் இருக்கும், குழந்தையின் வாயில் குரங்குக் கதையும் இருக்கும்.

அந்தக் குழந்தைக்கு குரங்கு அதற்கு முன்பே அறிமுகமானதுதான். அன்றைய தெருக்களில் குரங்காட்டி வருவார். இடுப்பில் கயிறு கட்டிய குரங்கு குட்டிக்கரணம் போடும், தடியைத் தோளில் வைத்து நடக்கும், தட்டை ஏந்திக் காசு கேட்கும். அந்த வேடிக்கைக்குப் பின்னால் இருந்த பட்டினியும் அடியும் பார்த்தவர்களுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. குரங்கு, கரடி, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வேடிக்கை காட்டக் கூடாது என்று 1998இல் நடுவணரசு அறிவிக்கை வெளியிட்டது. வழக்குகளுக்குப் பிறகு 2001இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. குரங்காட்டிகள் தெருவிலிருந்து மறைந்தார்கள். அவர்களுடைய பிழைப்புக்கு மாற்று என்ன என்பதை யாரும் அவ்வளவு அக்கறையாகக் கேட்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும்.

கூண்டும் கடலையும்

பீப்பிள்ஸ் பார்க் காலத்துக் கூண்டுகள் அக்கால உலக வழக்கப்படி அமைந்தவை: இரும்புக் கம்பி, சிமெண்டுத் தரை, தொங்கும் சங்கிலி அல்லது ஒரு காய்ந்த மரக்கிளை. கம்பிக்கும் பார்வையாளருக்கும் இடையே ஒரு கைப்பிடி வேலி. வேர்க்கடலைப் பொட்டலமும் வாழைப்பழமும் குரங்குக் கூண்டுக்குச் செல்பவர் கையில் தவறாமல் இருந்தன. கம்பிக்கிடையே ஒரு சிறிய கறுத்த கை நீளும், கடலையை எடுக்கும், ஓட்டை உடைத்து, தோலை ஊதி, பருப்பைத் தின்னும். கையில் மனிதனைப்போலவே நகம், ரேகை, கட்டைவிரல். உயிரியல் பாடத்தில் 10 பக்கம் படித்தும் பதியாதது அந்த ஒரு கையில் பதிந்துவிடும்.

அந்தச் சந்திப்பின் மறுபக்கம் நன்றாக இல்லை. கடலைக்குப் பதில் கல்லைக் கொடுத்துப் பார்ப்பவர், எரியும் பீடியை நீட்டுபவர், கண்ணாடியைக் காட்டி எரிச்சலூட்டுபவர் எந்த ஊர்க் காட்சிச் சாலையிலும் உண்டு. குரங்கு பல்லைக் காட்டும்போது அது சிரிக்கிறது என்று எண்ணிக் கூட்டம் மேலும் கத்தும். உண்மையில் நாட்டுக் குரங்கு உதட்டைப் பின்னுக்கிழுத்துப் பல்லைக் காட்டுவது அச்சத்தின் அடையாளம். பணிந்துவிட்டேன், விட்டுவிடு என்பதே பொருள். வாயை வட்டமாகத் திறந்து, புருவத்தை உயர்த்தி, கண்ணை நேராக நோக்குவது மிரட்டல். உதட்டை விரைவாகச் சப்புக்கொட்டுவதே நட்பு. இந்த மூன்றையும் தலைகீழாகப் புரிந்துகொண்டுதான் தலைமுறை தலைமுறையாக மக்கள் கூண்டின் முன் நின்றார்கள். காலேஜ் என்று பெயர் இருந்தும், இந்தப் பாடத்தைச் சொல்லித்தர அங்கே ஆசிரியர் இல்லை.

‘பேன் பார்ப்பது’ என்ற சொல்லும் இப்படித்தான். ஒரு குரங்கு மற்றொன்றின் மயிரைக் கோதி எதையோ எடுத்து வாயில் போடுகிறது. ஒட்டுண்ணிகளும் அதில் அடங்கும்; ஆனால் தோல் செதில், அழுக்கு போன்றவையும் உண்டு. அதைவிட முக்கியம், யார் யாரைக் கோதுகிறது என்பது. உறவும் தரவரிசையும் சண்டைக்குப் பிந்தைய சமாதானமும் அதில்தான் வெளிப்படுகின்றன. இரண்டு மூன்று குரங்குகளைத் தனித்தனிக் கூண்டில் அடைத்தால் இந்த வாழ்க்கை முழுவதும் காணாமல் போகும். காட்சிக்கு ஒரு விலங்கு கிடைக்கும், குரங்குக் கூட்டம் கிடைக்காது.

தமிழுக்குத் தெரிந்த குரங்கும் தெரியாத குரங்கும்

குரங்குக் கூட்டத்தின் வாழ்க்கையைப் பழந்தமிழர் கவனித்திருந்தார்கள். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று 3 வகைகளைத் தனித்தனியே சொல்லி, மூன்றின் பெண்ணுக்கும் மந்தி என்ற பெயரை உரிமையாக்குகிறது. ஆண் கடுவன், கலை என்றும் வழங்கும். குறுந்தொகையின் 69ஆம் பாடலில் ஆண் குரங்கு இறந்துபட, மந்தி தன் குட்டியைச் சுற்றத்திடம் ஒப்படைத்துவிட்டு மலையிலிருந்து பாய்கிறது. கவிஞரின் கற்பனை என்று அதை ஒதுக்கிவிடலாம். ஆனால் குட்டியை வளர்க்கக் கூடிய ‘சுற்றம்’ குரங்குக்கு உண்டு என்ற கவனிப்பு கற்பனையன்று. தாயிழந்த குட்டியை உறவினக் குரங்குகள் ஏற்றுக்கொள்வதை இன்றைய ஆய்வாளர்களும் பல இனங்களில் கண்டிருக்கிறார்கள்.

முசுவையும் குரங்கையும் வேறாகப் பிரித்ததும் பொருளுள்ளது. நாட்டுக் குரங்குக்குக் கன்னத்தில் பை உண்டு. கிடைத்ததை அதில் அடக்கிக்கொண்டு ஓடிப்போய் ஓரமாக உட்கார்ந்து தின்னும். கறுத்த முகமும் நீண்ட வாலும் உடைய முசுவுக்குக் கன்னப் பை இல்லை. அது இலை தின்னி. பல அறைகள் கொண்ட வயிற்றில் நுண்ணுயிரிகளின் துணையால் இலையைச் செரிக்கிறது. நாட்டுக் குரங்குக்கு ஒருவர் போடும் ரொட்டியும் கடலையும் அதற்கு அவ்வளவாகத் தீங்கு செய்யாமல் போகலாம். முசுவின் வயிற்றை அதே உணவு கெடுத்துவிடும். அன்பாகக் கொடுத்த உணவாலேயே காட்சிச் சாலைகளில் விலங்குகள் நோயுற்றதற்கு இது ஒரு காரணம்.

தமிழ்நாட்டுக் காடுகளில் இன்று காணப்படுபவை நாட்டுக் குரங்கு, சாம்பல் மந்தி, நீலகிரி மந்தி, சிங்கவால் குரங்கு ஆகியவை. இரவில் இயங்கும் தேவாங்கும் இந்த வரிசையைச் சேர்ந்ததே. அதற்கென 2022இல் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நீலகிரி மந்திக்கும் சிங்கவால் குரங்குக்கும் கறுத்த உடல் என்பதால் மலையோர ஊர்களில் இரண்டையும் கருங்குரங்கு என்று சொல்லிவிடுவதுண்டு. கருங்குரங்கு லேகியம் என்ற பெயரில் ஒரு மருந்து நம்பிக்கை நிலவி, நீலகிரி மந்தி பெருமளவில் வேட்டையாடப்பட்டது.

இத்தனை சொற்கள் உள்ள தமிழில் வாலில்லாத குரங்கினத்துக்குப் பழஞ்சொல் கிடையாது. காரணம் எளிது: அவை இங்கே இருந்ததில்லை. இந்தியாவில் இயற்கையாக வாழும் ஒரே வாலில்லாக் குரங்கு வடகிழக்கின் ஹூலக் கிப்பன். சிம்பன்சியும் கொரில்லாவும் ஆப்பிரிக்காவுக்குரியவை. ஒராங்குட்டான் சுமத்திரா, போர்னியோ தீவுகளுக்குரியது. ஆகவே ‘மனிதக் குரங்கு’, ‘வாலில்லாக் குரங்கு’ என்று புதுச் சொல் ஆக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. மலாய் மொழியினர் இதற்கு நேர் எதிராகச் செய்தார்கள். ஒராங் என்றால் ஆள், ஹூத்தான் என்றால் காடு. அவர்களுக்கு அது குரங்கே அன்று, காட்டு ஆள்.

மேலைநாட்டிலும் இந்த விலங்கைக் காட்சிச் சாலையில் முதன்முதலில் கண்டவர்கள் தடுமாறியிருக்கிறார்கள். 1838 மார்ச்சில் லண்டன் காட்சிச் சாலையில் ஜென்னி என்ற ஒராங்குட்டானைச் சார்லஸ் டார்வின் சந்தித்தார். காப்பாளர் ஓர் ஆப்பிளைக் காட்டிவிட்டுத் தர மறுத்தபோது அது மல்லாந்து விழுந்து, காலை உதைத்து, அடம் பிடிக்கும் குழந்தையைப்போல அழுததை அவர் தம் சகோதரிக்குக் கடிதத்தில் எழுதினார். மனிதனின் மூதாதையர் பற்றிய நூலை அவர் வெளியிட அதன்பின் 33 ஆண்டுகள் ஆயின. அதே லண்டனில் 1926 முதல் 1972 வரை சிம்பன்சிகளை மேசையில் உட்காரவைத்துத் தேநீர் விருந்து நடத்திக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார்கள். நம் ஊர்க் குரங்காட்டியும் லண்டன் தேநீர் விருந்தும் அடிப்படையில் ஒன்றே. ஒன்றில் கயிறு தெரிந்தது, மற்றொன்றில் தெரியவில்லை.

வண்டலூர்

1970களில் சென்ட்ரல் சுற்றுப்புறம் விலங்குகளுக்கு ஏற்றதாக இல்லை. ஒருபுறம் ரயில் இரைச்சல், மறுபுறம் போக்குவரத்துப் புகை, விரிவாக்க இடமில்லை. 1976இல் வண்டலூர் காப்புக்காட்டில் 510 ஹெக்டேர் ஒதுக்கப்பட்டது. 1979இல் பணி தொடங்கியது. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு, மே 30 அன்று, மூர் மார்க்கெட் தீக்கிரையாகியிருந்தது. புத்தகக் கடையும் குரங்குக் கூண்டும் ஒரே ஆண்டில் சென்ட்ரலை விட்டுப் போயின. மூர் மார்க்கெட் இருந்த இடத்தில் புறநகர் ரயில் முனையம் எழுந்தது. அம்பத்தூரிலிருந்து வரும் பயணி இன்று இறங்குவது அந்த மண்ணில்தான். நிலையத்தின் பெயரில் மட்டும் மூர் மார்க்கெட் மிஞ்சியிருக்கிறது.

வண்டலூரின் அமைப்பு வேறு. 1907இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் கார்ல் ஹாகன்பெக் கம்பியை நீக்கிவிட்டு அகழியால் விலங்கையும் பார்வையாளரையும் பிரிக்கும் முறையைப் புகழ்பெறச் செய்தார். அந்த முறையே இங்கே பெரிய அளவில் பின்பற்றப்பட்டது. சிம்பன்சி, ஒராங்குட்டான் போன்றவற்றுக்கு நீர் அகழி நல்ல வேலி. உடல் கனமான அவற்றுக்கு இயல்பாக நீந்தத் தெரியாது. நாட்டுக் குரங்கு நன்றாக நீந்தும். அதற்கு அகழியோடு வழுக்குச் சுவரும் வேண்டும், அல்லது கூரையிட்ட பெரிய கூடு வேண்டும். வேலியை விலங்குக்கேற்ப அமைக்க வேண்டும் என்ற எண்ணமே கம்பிக் கூண்டுக் காலத்தில் இல்லாதது.

சட்டமும் மாறியது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991இல் சேர்க்கப்பட்ட 38ஜே பிரிவு, காட்சிச் சாலை விலங்கைச் சீண்டுவதையும் காயப்படுத்துவதையும் மட்டுமின்றி உணவு கொடுப்பதையும் தடை செய்கிறது. 1992இல் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் ஏற்பட்டது. கடலைப் பொட்டலத்துக்கு அன்றோடு விடை கொடுக்கப்பட்டிருக்க வேண்டும். கொடுக்கப்பட்டதா என்பது ஞாயிற்றுக்கிழமை மாலையில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தடைக்கு இன்னொரு காரணமும் உண்டு. சிம்பன்சியின் மரபுப்பொருள் நம்முடையதோடு 98 விழுக்காட்டுக்கு மேல் ஒத்தது. நம் சளியும் காசநோயும் அதற்கும் தொற்றும். 2021 ஜூனில் வண்டலூர் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி ஒரு பெண் சிங்கம் இறந்தபோது இந்த ஆபத்து எல்லோருக்கும் புரிந்தது. சிங்கத்துக்கே தொற்றுமானால் குரங்கினத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சிங்கவால் குரங்கின் இடம்

வண்டலூரில் குரங்குகளைக் காணச் செல்பவர் தவறவிடக் கூடாதது சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இது கிடையாது. தெற்கே களக்காடு மலைகள் முதல் வடக்கே கர்நாடகத்தின் சிர்சிப் பகுதி வரை துண்டு துண்டான சோலைகளில் சில ஆயிரம் மட்டுமே எஞ்சியுள்ளன. 1970களில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்து எழுந்த போராட்டத்தின் முகமாக இந்தக் குரங்கே இருந்தது. திட்டம் கைவிடப்பட்டு 1984இல் அது தேசியப் பூங்கா ஆயிற்று. தமிழ்நாட்டில் இதற்கெனவே 1976இல் களக்காடு சரணாலயம் அமைந்தது.

மரத்தை விட்டு இறங்காத விலங்கு இது என்றே நூல்கள் கூறும். காடு துண்டானதும் அந்த இயல்பும் மாறியது. வால்பாறையில் தேயிலைத் தோட்டங்களுக்கிடையே மாட்டிக்கொண்ட கூட்டங்கள் சாலையைக் கடக்கின்றன, வீட்டுக் கூரையில் உட்காருகின்றன. அவை அடிபடாமல் கடக்கச் சாலைக்கு மேலே மரத்திலிருந்து மரத்துக்குப் பழைய தீயணைப்புக் குழாய்ப் பட்டைகளால் பாலம் கட்டியிருக்கிறார்கள். இந்த இனத்தைக் காப்பகத்தில் பெருக்கும் திட்டத்தில் வண்டலூர் முக்கியப் பங்கு வகிக்கிறது. கூட்டமாக வைத்தால்தான் இவை இனம் பெருக்கும். ஆகவே பார்வையாளருக்கும் ஒரு குரங்குக்குப் பதில் ஒரு குடும்பம் காணக் கிடைக்கிறது. கூட்டத்தின் பெரிய ஆண் எங்கே அமர்கிறது, குட்டி யாரிடமிருந்து யாரிடம் தாவுகிறது, சண்டைக்குப்பின் யார் யாரைக் கோதுகிறது என்று அரை மணி நேரம் நின்று பார்த்தால், கம்பிக் கூண்டு 100 ஆண்டுகளில் காட்டாததை இங்கே காணலாம்.

தொலைவு

ஆனால் அரை மணி நேரம் நிற்பதற்கு முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும். அம்பத்தூரிலிருந்து ரயிலில் செல்பவர் மூர் மார்க்கெட் முனையத்தில் இறங்கி, சாலையைக் கடந்து பூங்கா நிலையத்தில் தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் வண்டியைப் பிடித்து வண்டலூரில் இறங்க வேண்டும். பூங்கா நிலையத்தின் பெயரில் உள்ள பூங்கா, விலங்குகள் இருந்த அந்தப் பழைய பூங்காதான். அங்கே ஏறித்தான் இப்போது விலங்குகளைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. சொந்த வண்டி உள்ளவர்களுக்கு வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்த பிறகு ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வழி நேராகிவிட்டது. வண்டி இல்லாதவர்களுக்கு அது முழு நாள் பயணம். நுழைவுக் கட்டணம், பேட்டரி வண்டி, சாப்பாடு எல்லாம் சேர்ந்தால் தினக்கூலிக் குடும்பத்துக்குச் சிறிய செலவன்று. ரயிலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு குரங்கு காட்டிய தந்தைக்கு வண்டலூர் மாற்றாகவில்லை.

விலங்குகளின் பக்கம் நின்று பார்த்தால் இடமாற்றம் சரியானதே. இதில் இரு கருத்துக்கு இடமில்லை. 116 ஏக்கரின் மிச்சத்தில், ரயில் ஊதலுக்கு நடுவே, சிமெண்டுத் தரையில் ஒரு குரங்கை உட்காரவைக்க யாருக்கும் உரிமை கிடையாது. குறை வேறிடத்தில் உள்ளது. விலங்குகளை நகரத்துக்கு வெளியே கொண்டுபோனவர்கள், பார்வையாளர்களைக் கொண்டுபோகும் வழியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். பள்ளிச் சுற்றுலாதான் ஓரளவு அந்த இடைவெளியை நிரப்புகிறது. அதிலும் ஒரு பேருந்தில் 60 பிள்ளைகளை ஏற்றிச் சென்று, புலியையும் யானையையும் காட்டி, மதியச் சாப்பாட்டை முடித்து, மாலைக்குள் திரும்ப வேண்டிய அவசரத்தில் குரங்குகளுக்கு 5 நிமிடம் கிடைத்தால் பெரிது.

நெருக்கமே வேண்டும் என்பவர்கள் சிங்கப்பூரை எடுத்துக்காட்டுவார்கள். 1973இல் திறந்த சிங்கப்பூர் காட்சிச் சாலையில் ஆ மெங் என்ற ஒராங்குட்டானோடு அமர்ந்து காலை உணவு உண்ணும் ஏற்பாடு 1980களில் தொடங்கியது. அங்கு வாழும் தமிழர் உட்பட ஒரு தலைமுறையே ஆ மெங்கோடு படம் எடுத்துக்கொண்டது. 2008இல் அது இறந்தபோது நினைவுக் கூட்டத்துக்கு 4,000 பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு விலங்கு ஊரின் உறவாகலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் ஆ மெங் மனிதர் வீட்டில் சட்டவிரோதமாக வளர்க்கப்பட்டு மீட்கப்பட்டது. மனிதரோடு பழகியே வளர்ந்தது. அந்த நெருக்கத்தை மற்ற குரங்குகளிடம் எதிர்பார்ப்பது சரியன்று.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் வண்டலூர்ப் பூங்காவின் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. மரம் வளர்ந்து நிழல் திரும்பச் சில ஆண்டுகள் ஆயின. இப்போது குரங்குகளின் இருப்பிடங்களைக் காலையில் வெயில் ஏறுமுன் பார்ப்பது நல்லது. நண்பகலில் அவை நிழலில் ஒடுங்கிவிடும். அம்பத்தூரிலிருந்து செல்பவர்கள் விடிகாலை வண்டியில் கிளம்பினால்தான் அந்த நேரத்துக்குச் சேர முடியும். செவ்வாய்க்கிழமை பூங்காவுக்கு விடுமுறை.